விளிம்புவரை தேநீர்

ஹஸ்ரத்குல் அகா கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு சொட்டு விழுந்தால் வழிந்துவிடும் என்கிற நிலையில் தேநீர் நின்றது. எங்கள் உஸ்பெக் ஊரான உர்குத்தில் எவ்வளவு கஞ்சன் வீட்டிலும், எவ்வளவு பணக்காரன் வீட்டிலும், கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்ற மாட்டார்கள். கால்வாசி ஊற்றினால் இன்னும் இரு, மறுபடி ஊற்றுகிறேன் என்று பொருள். நிரப்பி ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இருபத்தொன்பது வயதுவரை அப்படி ஒருவர் ஊற்றி நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி. பெண் கேட்டு வந்த ஒரு வீட்டாருக்கு யாரோ நிரப்பி ஊற்றிவிட்டதால், இரண்டு தலைமுறையாக இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

எங்கள் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒஸ்மாரியோ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மூன்று மடக்கில் குடித்து முடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னிடம் போர்த்துக்கீசில் சொன்னார்.

"ஒன்பது மாசத்துல இன்னைக்குத்தான்டா மனுசன் குடிக்கிற அளவுக்கு ஊத்தியிருக்காரு. இன்னொண்ணு கேளு."

நான் கேட்கவில்லை. அவரே கிண்ணத்தை நீட்டினார். ஹஸ்ரத்குல் அகா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் கெண்டியைச் சாய்த்து மறுபடியும் விளிம்புவரை ஊற்றினார். அதையும் ஒஸ்மாரியோ குடித்தார்.

"அவங்க ஊர்ல மழை உண்டான்னு கேளு," என்றார் ஹஸ்ரத்குல் அகா.

கேட்டேன். உண்டாம்.

"அம்மா சுகமா இருக்காங்களான்னு கேளு."

"அம்மா போயி பதினாறு வருசம் ஆச்சுன்னு சொல்லு," என்றார் ஒஸ்மாரியோ.

"சுகமா இருக்காங்களாம் அகா," என்றேன். ஏற்கெனவே அந்த அறையில் போதுமான அளவு நடந்துவிட்டது.

ஹஸ்ரத்குல் அகா எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் தலைவர். மூத்தவர்களை நாங்கள் அகா என்போம். சினார் என்று அணிக்குப் பெயர். இரண்டாம் பிரிவில் ஆடுகிறோம். முந்தின நாள்தான் வரிசையாக ஆறாவது ஆட்டத்தைத் தோற்றிருந்தோம், அதுவும் நான்குக்குப் பூஜ்யம். சீசனில் இன்னும் இரண்டே ஆட்டங்கள்.

ஒஸ்மாரியோ டெல்ஃபினோ பயிற்சியாளர். பிரேசில்காரர், பாஹியா மாநிலத்து ஜெக்கியே அவருக்கு ஊர். வயது அறுபத்தொன்று. அங்கே ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரைப் புரொபசர் என்று கூப்பிடுவார்களாம். ஹஸ்ரத்குல் அகா அதை அப்படியே நம்பி, மைதான வாசலில் புரொபசர் டெல்ஃபினோ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டார். சமர்கந்திலிருந்து இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். அவரோடு கார்னர் அடிப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் குழம்பிப்போய்த் திரும்பினார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளன். பொறியியலை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு, போர்ச்சுகலில் ஒரு மத்தி மீன் ஆலையில் நான்கு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். மீன் தலையை ஒரே வெட்டில் எடுக்கவும் போர்த்துக்கீசு பேசவும் அங்கே கற்றேன். மீன் வேலைக்கு எங்கள் ஊரில் கடல் இல்லை.

வெளியே வந்ததும் ஒஸ்மாரியோ கேட்டார்.

"எதுக்குடா கூப்பிட்டாரு?"

"பேசத்தான்."

"மழையைப் பத்தியா? ஆறு ஆட்டம் தோத்தவனைக் கூப்பிட்டு மழையைப் பத்திப் பேசுவாங்களா?" அவர் நின்றார். "நர்முராத், என்னைத் தூக்கிட்டாங்களா?"

"அப்படி யாரும் சொல்லல."

அது பொய் இல்லை. யாரும் சொல்லவில்லை. ஊற்றினார்கள், அவ்வளவுதான்.

அவரை அதுவரை இருபத்திரண்டு இடங்களில் வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறார்கள். இருபத்தேழு வருடம், பதினோரு நாடு. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒரு அடையாளம் உண்டு என்பார். பிரேசிலில் கிளப்பின் தலைவர் வானொலியில் வந்து, பயிற்சியாளர் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டும். வளைகுடாவில் ஒருநாள் காலையில் ஓட்டல் அறைச் சாவி வேலை செய்யாது. ருமேனியாவில் அலமாரிக்கு வேறு பூட்டு தொங்கும். வியட்நாமில் பூங்கொத்து கொடுத்தார்களாம். பிறந்தநாள் என்று நினைத்து வாங்கிக்கொண்டாராம்.

பாதியில் சேர்வார், அல்லது பாதியில் போவார். ஒரு சீசனின் கடைசி ஆட்டத்தில் பயிற்சியாளராகப் பெஞ்சில் உட்கார்ந்தது ஒரு தடவைகூட இல்லை. "இருபத்திரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கேன், ஒண்ணுலயும் பந்தி வரைக்கும் இருந்ததில்ல," என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க, இன்னும் எத்தனை ஆட்டம், இன்னும் எத்தனை ஆட்டம் என்று நான்கு தடவை கேட்டார். வேறு வேலை கிடைக்குமா, ஊருக்குப் போவோமா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. இந்த ஒரு சீசனை முடித்துவிட வேண்டும்.

அவர் மைதானத்துக்குப் போனதும் ஹஸ்ரத்குல் அகா என்னை உள்ளே இழுத்தார்.

"பார்த்தல்ல? என் கையால ஊத்தினேன். நீதான் சாட்சி."

"பார்த்தேன் அகா."

"ரெண்டாவது கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறான்யா மனுசன்! இப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரனை நான் பொறந்ததுல இருந்து பார்த்ததில்ல."

"அவருக்குத் தெரியாது அகா. அவங்க ஊர்ல நிறைய ஊத்துறதுதான் மரியாதை."

"பதினோரு நாடு சுத்தினவனுக்கு டீ குடிக்கத் தெரியாதா?"

"வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

சந்தை நடுவில் துணியை அவிழ்க்கச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

"விருந்தாளியப் பார்த்துப் போன்னு சொல்றதா? எங்கப்பா குழிக்குள்ள எந்திரிச்சு உக்காந்துருவாரு."

"அப்ப நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா, நான் வேலைக்காரன் வாயால சொல்லியனுப்பின மாதிரி ஆகும். அது இதைவிடக் கேவலம். நீ மூச்சு விடக் கூடாது. நான் சொல்லியாச்சு, கேட்டுக்கிறது அவர் பாடு. நாளைக்கு பாபோமுராத் வர்றான்."

"யாரா வர்றாரு?"

"பயிற்சியாளரா."

"அப்ப இவரு?"

"இவருதான் போயிட்டாருல்ல!"

சன்னலுக்கு வெளியே ஒஸ்மாரியோ புல்லில் மஞ்சள் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். ஹஸ்ரத்குல் அகாவும் அதைப் பார்த்தார். திரைச்சீலையை இழுத்து மூடினார்.

பாபோமுராத் கத்தாகுர்கானிலிருந்து வந்தார். நாற்பத்தைந்து வயது, பழைய தடுப்பாட்டக்காரர், மூக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. நல்ல மனிதர். அதுதான் தொல்லை. வந்ததும் ஒஸ்மாரியோவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். இவரும் குனிந்தார். உடம்பு எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, தூக்கம் எப்படி என்று ஐந்து நிமிடம் போயிற்று.

"யாரு இது?" என்றார் ஒஸ்மாரியோ.

"விருந்தாளி."

"விருந்தாளி எதுக்குக் கழுத்துல விசில் போட்டிருக்காரு?"

அதற்குள் பாபோமுராத் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பெரியவர் எப்பக் கிளம்புறாரு தம்பி?"

"தெரியல அகா."

"அவசரம் ஒண்ணும் இல்ல, இருக்கட்டும். வயசுல மூத்தவரு. அவர் முன்னாடி நான் சத்தம் போட முடியுமா? நான் மெதுவா சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் பயிற்சி நடந்தது. ஒருவர் போர்த்துக்கீசில் கத்தினார். நான் அதை உஸ்பெக்கில் கத்தினேன். இன்னொருவர் ஆட்டக்காரர்களின் காதருகே போய் வேறொன்றை முணுமுணுத்தார். இருவரும் பெரியவர்கள், இருவர் சொல்லையும் தட்டக் கூடாது. பந்தோடு முன்னே ஓடியவன் நடுவழியில் நினைவு வந்து பின்னே ஓடினான். கோலியும் கேப்டனுமான தோஷ்தெமிர் என்னிடம் வந்தான்.

"இவரு முன்னால ஏறி நில்லுங்குறாரு. அவரு கோட்டுலயே நில்லுங்குறாரு. நான் எங்கடா நிக்க?"

"நடுவுல நில்லு."

"நடுவுல நின்னா தலைக்கு மேல கோல் போகும்டா மடையா. உனக்கு மீன்தான் லாயக்கு. ஒண்ணு சொல்லு, நம்ம பயிற்சியாளர் யாரு?"

"தெரியாது."

"உனக்கே தெரியாதுன்னா யாருக்குடா தெரியும்?"

அன்று மத்தியானம் ஹஸ்ரத்குல் அகா நாங்கள் தங்கும் பயிற்சி முகாமுக்கு ஒரு முழு ஆட்டை அனுப்பினார். ஒஸ்மாரியோவுக்கு அவமரியாதை ஆகிவிட்டதோ என்று அவருக்குள் ஒரு உறுத்தல். ஆட்டுத் தலையை மூத்த விருந்தாளி என்று ஒஸ்மாரியோ முன்னால் வைத்தார்கள். அவர் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"எல்லா ஊர்லயும் தோத்தா சோறு குறையும்," என்றார். "இங்க தோக்கத் தோக்க ஆடு வெட்டுறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலடா. தூக்குறதுன்னா தூக்கட்டும். வச்சுக்கிறதுன்னா வச்சுக்கட்டும். இப்படி நடுவாந்திரமா என்னை எவனும் உக்கார வச்சதில்ல."

அடுத்த ஆட்டம் கொஜெய்லியில். பேருந்தில் பதினைந்து மணி நேரம். இரண்டு பயிற்சியாளர்களும் முன் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் உலர் திராட்சை கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல்கூடப் பேச முடியாது என்பதால் நன்றாகப் பழகிவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. தலைமைப் பயிற்சியாளர் என்ற வரியில் ஒரு பெயர்தான் எழுத முடியும். ஹஸ்ரத்குல் அகாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்து எழுதி வரும் பெயரையே எழுதினேன். பாபோமுராத்தைப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டுமே. மசாஜ் உதவியாளர் என்ற வரி காலியாக இருந்தது.

"பரவால்ல தம்பி," என்றார் பாபோமுராத். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நம்மாள் ஒருவன் விழுந்தால் மசாஜ் உதவியாளர் மைதானத்துக்குள் ஓடலாம். பாபோமுராத் ஓடினார். காலில் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டே, இடது பக்கம் நெருக்கமாக ஆடு என்று காதில் சொல்லிவிட்டு வந்தார். இருபது நிமிடத்தில் பையன்களுக்கு வழி பிடிபட்டுவிட்டது. யோசனை வேண்டியவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பாபோமுராத் ஓடினார். ஒஸ்மாரியோ கோட்டோரம் நின்று கத்தினார். எதிரணிக்கு எங்கள் ஆட்டம் புரியவில்லை. எங்களுக்கே புரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஆறு தோல்விக்குப் பிறகு ஒரு புள்ளி.

"இப்ப என்ன பண்றது?" என்று போனில் கேட்டார் ஹஸ்ரத்குல் அகா. "யாரு ஆட வச்சது? கிளம்பினவரா, வந்தவரா?"

"பிரிச்சுச் சொல்ல முடியல அகா."

"நீ எதுக்குய்யா இருக்க?"

திரும்பி வந்த மறுநாள் தோஷ்தெமிர் தன் வீட்டில் புலாவ் போட்டான். நானும் ஒஸ்மாரியோவும் போனோம். சோறு மலை மாதிரி குவிந்திருந்தது, மேலே கறி, கேரட், முழுப் பூண்டு. ஒஸ்மாரியோ சரியாகச் சாப்பிடவில்லை. தோஷ்தெமிரின் அப்பா தேநீர் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணியின் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாரே, அதே பார்வை. கிழவர் கெண்டியிலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றி, கிண்ணத்திலிருந்து கெண்டிக்கே திருப்பி ஊற்றி, மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு, எல்லோருக்கும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மகனுக்கு, மருமகனுக்கு, எனக்கு, ஒஸ்மாரியோவுக்கு. குடித்தவுடன் திரும்ப வாங்கித் திரும்ப ஊற்றினார். ஒஸ்மாரியோ சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏதோ கோடு போட்டார்.

முகாமுக்கு வந்ததும் சமையலறையில் உட்காரச் சொன்னார்.

"இந்த ஊர்ல எனக்கு எத்தனை பேரு டீ ஊத்தியிருக்காங்க? முடி வெட்டுறவன், கறிக்கடைக்காரன், வண்டியை நிறுத்தின போலீஸ்காரன்கூட. எல்லாரும் இவ்ளோதான்." விரலால் அளவு காட்டினார். "கஞ்சப்பசங்கன்னு நினைச்சேன். இன்னைக்குப் பார்த்தா, மலை மாதிரி சோத்தைக் குவிச்ச கிழவரு தன் பிள்ளைக்கும் அதே சொட்டுதான் ஊத்துறாரு. அப்ப அது கஞ்சத்தனம் இல்ல. நிரப்பி ஊத்தினது ஒரே ஒரு ஆளு. ஹஸ்ரத்குல். அதுவும் ஒரே ஒரு நாளு. நான் ஆறாவது ஆட்டம் தோத்த மறுநாளு."

குறிப்பேட்டை என் முன்னால் விரித்தார்.

"சாவி, பூட்டு, பூங்கொத்து," என்றார். "இங்க கிண்ணமா?"

மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மூச்சு விடவில்லை. அடுப்பில் கெண்டி இருந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்து, கால்வாசி ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து வலது கையால் நீட்டினேன்.

அவர் அதை வாங்கி உள்ளே பார்த்தார்.

"ரெண்டு கிண்ணம் குடிச்சேனேடா," என்றார். "கேட்டு வாங்கிக் குடிச்சேனே."

சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வாயால சொல்லலல்ல?"

"இல்ல."

"எழுதித் தரலல்ல?"

"இல்ல."

"அப்ப எனக்குத் தெரியாது. நான் வெளிநாட்டுக்காரன். டீயைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை கடைசி விசில் அடிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீயும் எதுவும் சொல்லல."

நான் சொன்னேனா, சொல்லவில்லையா என்பது எனக்கே இன்றுவரை தெளிவாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குளிர் கடுமையாக இருந்தது. எங்கள் மைதானத்தில் சீசனின் கடைசி ஆட்டம். காலையிலேயே ஹஸ்ரத்குல் அகா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாவட்டத் தலைவர் வர்றாரு. இன்னும் அந்த பிரேசில்காரன் இருக்கானான்னு கேட்டாரு. போயிட்டாருன்னு சொல்லியிருக்கேன். பட்டியல்ல பாபோமுராத் பேரு. புரியுதா?"

"ஒஸ்மாரியோ எங்க உக்காருவாரு?"

"எங்க பக்கத்துல, முதல் வரிசையில, மெத்தை போட்ட நாற்காலியில. மரியாதைக்கு என்ன குறைச்சல்?"

உடை மாற்றும் அறையில் பட்டியலை மேசையில் விரித்தேன். பதினெட்டு ஆட்டக்காரர்களை எழுதினேன். தலைமைப் பயிற்சியாளர் வரிக்கு வந்தபோது ஒஸ்மாரியோ என் விரலிலிருந்து பேனாவை உருவினார். குனிந்து தன் முழுப் பெயரையும் எழுதினார், நான்கு சொல் உள்ள பெயர், வரியைத் தாண்டிப் போயிற்று.

"அகா வேற சொன்னாரு," என்றேன்.

"என்ன சொன்னாரு? எனக்கு உங்க பாஷை தெரியாதே."

என் கோட்டுப் பையில் இன்னொரு காலிப் பட்டியல் இருந்தது. நடைபாதையில் நின்று அதை எழுதியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. ஹஸ்ரத்குல் அகா என் முதலாளி. ஒஸ்மாரியோ எப்படியும் போகப் போகிறவர். கணக்குச் சுலபம்தான். ஆனாலும் அவர் எழுதியதையே நடுவரிடம் கொடுத்தேன்.

பாபோமுராத் ஏற்கெனவே மருந்துப் பையை மாட்டிக்கொண்டு நின்றார். "பழகிருச்சு தம்பி," என்றார்.

எதிரணிக்கு ஒரு புள்ளி கிடைத்தால் மேல் பிரிவுக்குப் போய்விடுவார்கள். வெறியாக ஆடினார்கள். அரைமணியில் ஒன்று. இடைவேளை முடிந்ததும் இன்னொன்று. இரண்டாவது கோலுக்குப் பிறகு திரும்பி மேலே பார்த்தேன். மெத்தை நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. மாவட்டத் தலைவர் ஹஸ்ரத்குல் அகாவின் பக்கம் சாய்ந்து பெஞ்சைக் கையால் காட்டினார். அகா ஏதோ சொன்னார். மாவட்டத் தலைவர் மறுபடி காட்டினார்.

எழுபதாவது நிமிடம். ஹஸ்ரத்குல் அகா படியில் இறங்கி வந்தார். ஒரு கையில் கெண்டி, மறு கையில் கிண்ணம். ஓட்டப்பாதையைத் தாண்டி நேராகப் பெஞ்சுக்கு வந்தார். கெண்டி மூக்கிலிருந்து ஆவி பறந்தது. குளிர் நாளில் பெஞ்சுக்குத் தேநீர் வருவது சாதாரணம். கிளப் தலைவரே கொண்டுவருவது சாதாரணம் இல்லை. பின்னால் இருந்தவர்கள் பந்தை விட்டுவிட்டு இங்கே பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒஸ்மாரியோ எழுந்து நின்றார்.

ஹஸ்ரத்குல் அகா கிண்ணத்தை நிரப்பினார். விளிம்புவரை. இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. நீட்டினார். பின் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அங்கே இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் அந்தக் கிண்ணம் என்ன சொல்கிறது என்று தெரியும். ஒஸ்மாரியோவுக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மட்டும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுக்காரராக அதை மடக்கென்று குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் இருபது நிமிடம் ஓடியிருக்கும். அதைத்தான் செய்வார் என்று நினைத்தேன். அவர்தான் அப்படிச் சொன்னார்.

அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். கிண்ணத்தை வாங்கினார். பிறகு அதைச் சாய்த்தார். தேநீர் கோட்டோரப் புல்லில் கொட்டியது. அளவு பார்த்துப் பார்த்துக் கொட்டினார். அடியில் கால்வாசி மிஞ்சியதும் நிறுத்தினார். அதை நின்றபடியே மெதுவாகக் குடித்தார். காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் அகாவிடம் நீட்டினார்.

மைதானத்தில் பந்து போய்க்கொண்டுதான் இருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பாபோமுராத் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் ஆவி எழும்பும் இடத்தையே பார்த்தார். பெரியவர் கிளம்பப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது.

ஒரு விருந்தாளி காலிக் கிண்ணத்தை நீட்டுகிறான். எதிரே கெண்டியோடு ஒருவர் நிற்கிறார். எங்கள் ஊரில் அதற்கு மேல் அவருக்கு வேறு வழி இல்லை. ஹஸ்ரத்குல் அகா கெண்டியைச் சாய்த்தார். ஊற்றிவிட்டு நிறுத்தினார். கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நான் எவ்ளோ ஊத்தியிருக்கேன்?" என்று என்னிடம் கேட்டார்.

"கால்வாசி அகா."

"கால்வாசியா?"

"ஆமா."

மேலே மாவட்டத் தலைவர் நிற்பது தெரிந்தது. அகா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கெண்டியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே படியேறினார், பாதி வழியில் நின்றார், மறுபடி ஏறினார்.

ஒஸ்மாரியோ அந்தத் தேநீரையும் குடித்துவிட்டுக் கோட்டோரம் போய்க் கத்தத் தொடங்கினார். நான் அதை உஸ்பெக்கில் கத்தினேன். எண்பதாவது நிமிடத்தில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பாபோமுராத் எழுந்தார். ஓடுவதற்கு முன் ஒஸ்மாரியோவைப் பார்த்தார். ஒஸ்மாரியோ தலையசைத்தார். அதன் பிறகுதான் ஓடினார். எண்பத்தாறில் நாங்கள் ஒரு கோல் போட்டோம், காலில் பட்டுத் திரும்பிய பந்து, யார் போட்டது என்று தெரியவில்லை. இரண்டுக்கு ஒன்று. அதோடு சரி, தோற்றோம்.

விசில் அடித்தபோது ஒஸ்மாரியோ நகரவில்லை. எதிரணிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். எங்கள் பையன்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். தோஷ்தெமிர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தான். கூட்டம் கலைந்தது. அவர் குறிப்பேட்டை எடுத்து, தொண்ணூறு கூட்டல் நான்கு என்று எழுதினார். கீழே ஒரு கோடு போட்டார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். எல்லா விசிலும் அதே விசில்தான்."

ஏதோ தொலைந்துவிட்டது போலப் பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். தண்ணீர்ப் புட்டிகள் கிடந்தன. நான்கைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். பிறகு சொன்னார்.

"மேல போயி கேட்டுட்டு வா. அடுத்த சீசனுக்கு நான் எந்தத் தேதி வரணும்?"

"விளையாடுறீங்களா?"

"அவருதான கால்வாசி ஊத்தினாரு? எனக்கு என்னடா தெரியும், நீங்க ஊத்துறதை வச்சுத்தான நான் புரிஞ்சுக்கணும்."

முகத்தைப் பார்த்தேன். கேலியா என்று தெரியவில்லை. படியேறிப் போனேன். மாவட்டத் தலைவர் போய்விட்டிருந்தார். அறையில் ஹஸ்ரத்குல் அகாவும் பாபோமுராத்தும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பாபோமுராத் இன்னும் பையைக் கழற்றவில்லை. அவர் முன்னால் காலிக் கிண்ணம் இருந்தது. ஹஸ்ரத்குல் அகா அதன் மேலே கெண்டியைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

"நர்முராத்," என்றார், "நீயே சொல்லு, இவருக்கு நான் எவ்ளோ ஊத்தணும்?"